தணிகாசலத்தின் இடது கால்

போன வாரம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். வானம் மூடிக்கொண்டு இருந்ததால் பந்தல்காரர் மேலே கித்தான் விரித்திருந்தார். இப்போதெல்லாம் எங்கே பார்த்தாலும் நீல பிளாஸ்டிக்தான். இந்த மனிதர் எங்கிருந்தோ பழைய காலத்துக் கித்தானைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருந்தார். சொம்பும் கையுமாக வரிசையில் நின்றேன். சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. அடுத்த நிமிஷம் தலைக்கு மேலிருந்து அந்த வாசனை இறங்கியது. நனைந்த கித்தான், அதில் கொஞ்சம் தார், கொஞ்சம் பூஞ்சை, யாரோ எப்போதோ பிடித்த பீடி. கூழ் வாங்க வேண்டியவன் அப்படியே நின்றுவிட்டேன். "பெரியவரே, கொஞ்சம் நகருங்க" என்றார் பின்னால் நின்ற பெண்மணி. நகர்ந்தேன். எங்கே நகர்ந்தேன் என்று அவருக்குத் தெரியாது. அம்பத்தூரை விட்டு, அரக்கோணத்தைத் தாண்டி, திருத்தணி மலையடிவாரத்தில், நாயுடுவின் டென்ட் கொட்டகைக்குள் போய் நின்றிருந்தேன்.

யுத்த காலம் அது. திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. ஊரில் பாதிப் பேர் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார்கள். மீதிப் பேர் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார்கள். நாயுடுவின் கொட்டகையில் நாற்காலி உண்டு, பெஞ்சு உண்டு, பெரும்பாலோருக்கு மண் தரை உண்டு. நடுவே இடுப்புயர மறைப்பு. அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் ஆண்கள். வெளியே எண்ணெய் எஞ்சின் ஒன்று ஆஸ்துமாக்காரர் போல இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு மிஷின்தான் என்பதால் ஒரு ரீல் முடிந்ததும் படம் நிற்கும், விளக்கு எரியும், முறுக்கும் சோடாவும் வரும், அப்புறம் அடுத்த ரீல். கதாநாயகன் மலை உச்சியில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருக்க, எங்கள் ஜனங்கள் நிதானமாக வேர்க்கடலை உரித்துத் தின்பார்கள்.

அந்தக் கொட்டகையில் எனக்கு உத்தியோகம். என்ன உத்தியோகம் என்று கேட்டால் இன்றைக்கு யாருக்கும் விளங்காது. இங்கிலீஷ் படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று, தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு, படத்தில் என்ன நடக்கிறது என்று கத்த வேண்டும். முதலில் தமிழில், உடனே தெலுங்கில். ஜனங்கள் என்னை "சொல்றவரு" என்றார்கள். அதுதான் பதவியின் பெயர்.

நான் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை எழுதியவன். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று ஊர் நம்பியது, நானும் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த அமெரிக்கர்கள் பேசிய இங்கிலீஷ் எங்கள் வாத்தியார் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷுக்கு ஒன்றுவிட்ட தம்பிகூட இல்லை. மத்தியானம் நாயுடு ஒரு தடவை படத்தை எனக்கு மட்டும் ஓட்டிக் காட்டுவார். யார் நல்லவன், யார் கெட்டவன், யாருடைய மாட்டை யார் திருடினான் என்று கண்ணால் பார்த்து நானே ஒரு கதை கட்டிக்கொள்வேன். சாயங்காலம் அந்தக் கதைதான் படம். கூட்டம் என் குரலைக் கேட்கத்தான் வருகிறது என்று ஒரு நினைப்பு வேறு எனக்கு இருந்தது. வயது அப்படி.

கூட்டம் வந்தது தணிகாசலத்தைப் பார்க்க.

அவர் உண்மையான பெயர் டான் காஸ்லம். அமெரிக்காக்காரர். பெரிய தொப்பி, இடுப்பில் இரண்டு துப்பாக்கி, வெள்ளைக் குதிரை. முதல் படம் வந்த அன்று எழுத்து ஓடும்போது நான் குழலை எடுத்து, "இதில் நடிப்பவர் டான் காஸ்லம்" என்று கம்பீரமாகச் சொன்னேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னாது? தணிகாசலமா? நம்மூர் ஆளா?"

கொட்டகையே சிரித்தது. அன்றோடு காஸ்லம் ஒழிந்தார், தணிகாசலம் நிலைத்தார். மலைமேல் இருக்கிற சாமியின் பெயர், தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர். அதற்கப்புறம் அவர் எங்களுக்கு அந்நியராக இருக்க வழியே இல்லாமல் போயிற்று.

அப்படிக் கேட்டவள் நாகம்மா. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த குடியிருப்பிலிருந்து வருவாள். நாற்று நடவு, களை, கடலை பிடுங்குவது என்று கூலி வேலை. முப்பது வயதிருக்கும். பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு படத்தோடு பேசுவாள். வில்லன் ஒளிந்திருந்தால் எச்சரிப்பாள். தணிகாசலம் அதைக் கேட்டுத் திரும்பிச் சுட்டுவிட்டால் பக்கத்தில் இருப்பவர்களைப் பெருமையோடு ஒரு பார்வை பார்ப்பாள். பல நாள் அவள் குரல் என் குழலையே அமுக்கிவிடும். அதில் எனக்கு அவள்மேல் கொஞ்சம் கோபம்கூட உண்டு.

தணிகாசலத்தின் படங்கள் எங்களுக்கு வரிசையாக வந்து சேர்ந்ததில்லை. மெட்ராஸில் ஓடி, பெரிய ஊர்களில் ஓடி, தேய்ந்து, மழை பெய்கிற மாதிரி கோடு விழுந்த பிறகு தகரப் பெட்டியில் ரயிலேறி வரும். எது கிடைக்கிறதோ அது. அதனால் ஒரு மாதம் அவருக்கு முகத்தில் சுருக்கம் இருக்கும். அடுத்த மாதம் பால் வடியும். ஒரு படத்தில் தலைவர். அதற்கடுத்ததில் தலைவருக்குக் குதிரை பிடிக்கிற பையன். எங்கள் ஜனங்களுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. "இந்த மாசம் சின்ன வயசா கீறாரு" என்று சொல்லிவிட்டுப் பார்ப்பார்கள்.

அந்த நாளில் ஒருமுறை மிலிட்டரி லாரி ஒன்று திருப்பதி ரோட்டில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. மாற்று அச்சு அரக்கோணத்திலிருந்து வர வேண்டும். லாரியில் வந்த இரண்டு சிப்பாய்கள் ஊருக்குள் பொழுது போகாமல் திரிந்தார்கள். அமெரிக்கர்கள். சாயங்காலம் எங்கள் கொட்டகைப் பாட்டுத் தட்டு ஒலிப்பதைக் கேட்டு வந்து நின்றார்கள். நாயுடு பதறி ஓடி, தன் சொந்த நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். அன்று தணிகாசலம் படம்தான். குதிரையிலிருந்து ஓடுகிற ரயில்மேல் தாவுவார்.

முதல் ரீல் முடிந்து விளக்கு எரிந்தது. கொட்டகை மொத்தமும் சோடாவை மறந்து அந்த இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்தது. யாரோ கத்தினார்கள்: "சொல்றவரே, நம்ம தணிகாசலத்த அவங்களுக்குத் தெரியுமான்னு கேளு!"

நான் பெட்டியிலிருந்து இறங்கிப் போனேன். அவ்வளவு பேர் முன்னால் இங்கிலீஷ் பேசியாக வேண்டிய கட்டம்.  இருவரில் இளையவனுக்கு மூக்கின் மேல் மணல் தூவினாற்போலப் புள்ளிகள். அவனிடம் கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன். கடைசியில் வாசலில் இருந்த சுவரொட்டியைக் காட்டினேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. காஸ்லமா, என் அம்மாவுக்கு அவர் என்றால் உயிராயிற்றே என்றான். இந்த ஊரில் அவரைத் தெரியுமா என்று ஆச்சரியப்பட்டான். அப்புறம் சட்டென்று அவன் குரல் இறங்கியது. மென்று மென்று என்னவோ சொன்னான். இடது இடுப்பைத் தொட்டுக் காட்டினான். இரண்டு கையாலும் சுள்ளியை ஒடிப்பதுபோலச் செய்தான்.

அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

நாயுடு என் காதருகில் வந்து, "நல்லா கீறாருன்னு சொல்லுய்யா. இன்னும் அவர் படம் வரப்போவுது" என்றார். சொல்லியிருக்கலாம். கதை கட்டுவதுதானே என் தொழில். ஆனால் மறைப்புக்கு அந்தப் பக்கம் நாகம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"இன்னா ஆச்சு அவருக்கு? அந்தப் புள்ள மொகத்தப் பாத்தாலே தெரியுது. சொல்லு."

"குதிரைலேர்ந்து வியுந்துட்டாராம். படம் எடுக்கச் சொல்லவே வியுந்துட்டாரு. இடுப்பெலும்பு போயிடுச்சு. கம்பெனிக்காரங்க வேணாம்னு அனுப்பிட்டாங்களாம்."

குழல் இல்லாமல்தான் சொன்னேன். கடைசி வரிசை வரை கேட்டது.  அப்புறம் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், "புத்தூருக்கு இட்டுகினு போயிருந்தா சேத்துக் கட்டியிருப்பாங்களே" என்றார். "ஆங், அதானே" என்று பல பேர் ஒத்துக்கொண்டார்கள். எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டு. எங்கள் பக்கத்தில் வேறு பேச்சே கிடையாது. இதை அந்தச் சிப்பாய்க்கு மொழிபெயர்த்தேன். புத்தூர் எங்கே இருக்கிறது என்று கேட்டான். ரயிலில் பக்கம்தான் என்றேன். தலையை ஆட்டினான். அவன் சிரிக்கவில்லை என்பதை இப்போதும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

நாகம்மா மட்டும் உட்காரவில்லை. "பொண்டாட்டி கீறாங்களா? கொயந்தைங்க? இப்ப யாரு அவருக்குக் கஞ்சி ஊத்துறாங்க, கேளு."

கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. பத்திரிகையில் அதெல்லாம் போடவில்லை என்றான். தெரியவில்லையே என்பதற்காக அவனுக்கு வெட்கமாக இருந்தது போலிருந்தது. தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இந்த ஊரில் இப்படிக் கேட்டார்கள் என்று அம்மாவுக்கு எழுதுகிறேன் என்றான்.

மிச்சப் படம் ஓடியது. வழக்கமாக தணிகாசலம் குதிரையில் ஏறினால் விசில் பறக்கும். அன்று அவர் சேணத்து அங்கவடியில் காலை வைத்ததும் பெண்கள் பக்கம் மொத்தமாக மூச்சைப் பிடித்துக்கொண்டது. "மெதுவா நைனா, மெதுவா" என்றாள் நாகம்மா. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு படத்திலும் அப்படித்தான். எல்லாம் பழைய படங்கள். அவர் திரையில் துள்ளிக் குதித்துக்கொண்டிருப்பார். விழப்போகிறவர் என்று எங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. எந்தப் படத்தில் விழுந்தாரோ, எந்தக் குதிரையோ என்று ஜனங்கள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். அந்த வெள்ளைக் குதிரையை எங்கள் ஊரில் அப்புறம் யாருக்கும் பிடிக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து நாகம்மா கொட்டகை வாசலில் என்னை மடக்கினாள்.

"சொல்றவரே, எங்க வூட்டுக்கு ஒரு வாட்டி வரணும். நான் சொன்னா அந்தாளு நம்பமாட்டேங்குது."

அந்தாளு என்றது அவள் புருஷன் சுப்பராயுடுவை. அவனை எனக்கு முன்பே பார்த்த ஞாபகம் இருந்தது. திருத்தணி ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவன். பொதட்டூர்பேட்டையிலிருந்து வருகிற லுங்கிப் பேல் கட்டுகளை இரண்டு பேர் பிடிக்கிற இடத்தில் தனியாகத் தூக்கிக்கொண்டு போவான். அவன் நடந்து போனால் சின்னப் பிள்ளைகள் பின்னால் போகும். ஒருநாள் அடுக்கிலிருந்து பேல் சரிந்து அவன்மேல் விழுந்தது. புத்தூரில் கட்டினார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் ஒரு கால் குட்டையாகிப் போயிற்று. தடி ஊன்றி நடக்கலாம். அவன் நடக்கவில்லை. ஊரார் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். முன்பெல்லாம் புருஷனும் பெண்டாட்டியுமாகப் படத்துக்கு வருவார்கள். மறைப்புக்கு இந்தப் பக்கம் அவன் விசிலடித்தால் அந்தப் பக்கம் அவள் பதில் கொடுப்பாள். இப்போது அவளை மட்டும் அனுப்புவான். பார்த்துவிட்டு வந்து கதை சொல்ல வேண்டும்.

ஆக, அந்த வீட்டில் அவள்தான் சொல்றவரு. அவள் சொல்கிற கதை எப்படி இருக்கும் என்று ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். நான் சொன்னதைவிட நன்றாக இருந்தது. நான் விட்டுவிட்ட இடத்திலெல்லாம் அவள் ஆட்களுக்குத் தாய் தகப்பன் வைத்திருந்தாள், சொந்த ஊர் வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். சுப்பராயுடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பெரிய உடம்பு, தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் குட்டைக் காலைத் துணியால் மூடிக்கொண்டான்.

"இவ சொல்றது நெஜமா? குதிரைலேர்ந்து வியுந்துட்டாரா?"

"நெஜம்தாங்க. அவங்க நாட்டு சிப்பாயே சொன்னான்."

"நான் இவளே கதை கட்டிவுட்டாளோன்னு நெனச்சேன். என்னை எழுப்பி வுடறதுக்கு."

நாகம்மா அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்: "ஆடிக் கிருத்திகைக்கு அவருக்குக் காவடி எடுக்கப் போறேன். அதுக்குத்தான் இவரு ஒரு வாரமா பேசமாட்டேங்குறாரு."

சுப்பராயுடுவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங் காலுக்கு எடுக்காத காவடிய வெள்ளக்காரனுக்கு எடுப்பியா? ஊரு சிரிக்காது?"

"உனக்கு எடுக்கலியா? போன வருசம் யாருக்கு எடுத்தேன்? அதுக்கு மின்ன வருசம் யாருக்கு? உன் வெசயம் சாமிக்குத் தெரியும். உனக்கு நான் கீறேன். எல்லாத்துக்கும் மேல, எலும்பு கூடிட்ச்சு, நீ எழுந்துக்கமாட்டேங்குற. அந்த மனுசனுக்குக் காவடி எடுக்க அந்த ஊர்ல ஆளு இருக்குதா, சொல்லு?"

 எனக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவே தகரக் குழல் இல்லாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு சங்கடம் என்று அன்றுதான் தெரிந்தது. கடைசியில் சுப்பராயுடு என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டான்:

"எந்தக் காலு?"

"இடதுன்னு காட்டினான்."

"எனக்கும் எடதுதான்" என்றான். 

ஊர் சிரிக்கத்தான் செய்தது. வெள்ளைக்காரனுக்குக் காவடியாம் என்று டீக்கடையில் பேசினார்கள். மாட்டுக்கறி தின்கிறவனுக்கு முருகன் எப்படி அருள்வான் என்று ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் என்னிடம் சட்டம் கேட்டார், நான்தான் அந்தக் காலை உடைத்தவன் மாதிரி. நாகம்மா மஞ்சள் துணி கட்டி விரதம் இருந்தாள். ஆடிக் கிருத்திகை அன்று சரவணப் பொய்கையில் முழுகி, பூக்காவடியைத் தோளில் வைத்து, ஜன சமுத்திரத்துக்கு நடுவே படியேறினாள். அவள் கேட்டுக்கொண்டதால் கூடவே நானும் தேங்காய்ப் பை தூக்கிக்கொண்டு போனேன். ஈரப் புடவை, விபூதி, மிதிபட்ட சாமந்தி, வெயிலில் காய்கிற கல் எல்லாம் கலந்த மணம் மூச்சை அடைத்தது. அவள் ஓரிடத்திலும் உட்காரவில்லை.

சந்நிதியில் குருக்கள் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார்.

"தணிகாசலம்" என்றாள்.

"நட்சத்திரம்?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கதை கட்டுகிறவனுக்கு அன்று ஒரு நட்சத்திரம்கூட வாயில் வரவில்லை. பின்னால் கூட்டம் நெருக்கியது.

"தெரியலைன்னா பரவாயில்ல. சுவாமி பேரே வச்சிருக்கார், சுவாமி நட்சத்திரத்துலயே பண்ணிடறேன்" என்று குருக்கள் மந்திரத்தை ஆரம்பித்துவிட்டார். எங்கோ கடலுக்கு அப்பால் இடுப்பொடிந்து கிடந்த ஒரு மனிதருக்காகத் திருத்தணி மலையில் கற்பூரம் காட்டினார்கள். நாகம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவருக்கு இது தெரிய எந்த வழியும் இல்லை.

அதற்கப்புறம் வெகு நாள் தணிகாசலம் படமே வரவில்லை. யுத்தம் முடிந்தது. ஒருநாள் நாயுடு ஸ்டேஷனிலிருந்து தகரப் பெட்டியை வண்டியில் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தார்: "புதுசு! விழுந்ததுக்கப்புறம் எடுத்த படம்!" மெட்ராஸ் ஆபீசில் யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மத்தியானம் எனக்கு ஓட்டிக் காட்டினார்கள்.  கதாநாயகன் வேறு யாரோ ஒரு பையன். தணிகாசலம் அதில் ஒரு மளிகைக் கடைக்காரர். பாதிப் படம் வரை ஆளே இல்லை. வந்த பிறகும் கல்லாவுக்குப் பின்னாலேயே நிற்கிறார். தொப்பி இல்லை, துப்பாக்கி இல்லை, மீசை நரைத்திருக்கிறது. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், தெருவில் அந்தப் பையன் தனியாக மாட்டிக்கொள்ளும்போது, ஊரே கதவைச் சாத்திக்கொள்ள, கடைக்காரர் மட்டும் வெளியே வருகிறார். இடது காலை இழுத்து இழுத்து, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து போய்ப் பையன் பக்கத்தில் நிற்கிறார். அவ்வளவுதான் அவர் வேஷம். நாயுடு தலையில் கை வைத்துக்கொண்டார். "கொட்டகைய பிரிச்சுப் போட்டுடுவாங்கய்யா. நீதான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கணும்."

நானும் தயார் செய்துகொண்டேன். அந்த நடைக்கு என்று நீளமாக ஒரு வசனம், தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. வீரம், தியாகம் எல்லாம் தாராளமாகப் போட்டிருந்தேன்.

சாயங்காலம் கொட்டகை நிரம்பி வழிந்தது. விளக்கை அணைக்கப் போகிற நேரம், ஆண்கள் பக்கம் வாசலில் ஒரு பெரிய உருவம் தடியூன்றி உள்ளே வந்தது. சுப்பராயுடு. யாரையும் பார்க்காமல் கடைசியில் கம்பத்தில் சாய்ந்து நின்றுகொண்டான். அவன் வருவது நாகம்மாவுக்கே தெரியாது. அவள் முதலிலேயே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

படம் ஓடியது. தணிகாசலம் எங்கே, எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கல்லாவுக்குப் பின்னால் அவர் முகம் தெரிந்ததும் ஒரு முனகல். "கெயவனாயிட்டாரே." "நிக்கிறாரா, உக்காந்துகினு கீறாரா?" அதற்கப்புறம் யாரும் கதாநாயகனைப் பார்க்கவில்லை. அந்தப் பலகைக்குக் கீழே கால் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கொட்டகை முழுவதன் கவலையும்.

அந்த இடம் வந்தது. கதவு திறந்தது. தணிகாசலம் தெருவில் காலை வைத்தார். நான் குழலைத் தூக்கினேன். முதல் வார்த்தைகூட வாயில் இருந்தது. அவர் இரண்டாவது அடி வைத்தார், இடுப்பு ஒரு பக்கம் இறங்கி ஏறியது, மூன்றாவது அடி வைத்தார். நான் குழலை இறக்கிவிட்டேன். ஒரு பேச்சும் இல்லாமல் அந்த மனிதர் தெரு முழுக்க நடந்தார். கொட்டகையில் கடலைத் தோல் நொறுங்குகிற சத்தம்கூட இல்லை. அவர் போய்ச் சேர்ந்து பையனின் தோள்மேல் கை வைத்தார், அப்போதுதான் யாரோ ஆண்கள் பக்கத்திலிருந்து "அரோகரா!" என்று கத்தினார்கள். அடுத்த கணம் கித்தான் பறந்துவிடும்போல அத்தனை பேரும் கத்தினார்கள். ஜவுளிக்கடைக்காரரும் கத்தினார், நான் பார்த்தேன்.

பெண்கள் பக்கத்தில் எல்லோரும் நாகம்மாவைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவள் திரையைப் பார்க்கவில்லை. ரீல் மாற்ற விளக்கு எரிந்தபோது, அவள் மறைப்பைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் பக்கத்தின் கடைசியில் கம்பத்தடியில் நின்றவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுப்பராயுடு முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தான்.

மறுநாள் பகலில், நல்ல வெயிலில், அவன் கடைத்தெரு வழியாக நடந்து கொட்டகைக்கு வந்தான். நான் நாயுடுவோடு உட்கார்ந்திருந்தேன்.

"எதுனா வேல கீதா, நாயுடு?"

நாயுடு அவன் காலைப் பார்த்தார். "கேட்டுல சீட்டுக் கிழிக்கிற வேலதான் கீது. படம் முச்சூடும் நின்னுகினே இருக்கணும்பா."

"நிக்கிறேன்" என்றான் சுப்பராயுடு.

நின்றான். தடியை மூங்கிலில் சாய்த்து வைத்துவிட்டு ஒரு காலில் பாரத்தைக் கொடுத்து நிற்பான். அவன் நிற்கிற வாசலில் ஓசியில் நுழைய எவனுக்கும் தைரியம் வரவில்லை. நாயுடுவுக்கு அது ஒரு தனி லாபம்.

என் உத்தியோகம்தான் நிலைக்கவில்லை. தமிழ்ப் படமும் தெலுங்குப் படமும் பாட்டு மேல் பாட்டாக வர ஆரம்பித்தன. அவற்றுக்குச் சொல்கிறவர் எதற்கு? ஜில்லா போர்டில் குமாஸ்தா வேலை கிடைத்துச் சித்தூருக்குப் போனேன். ஆயிரம் பேர் கேட்க முழங்கிய தொண்டை, அப்புறம் நாற்பது வருஷம் "நாளைக்கு வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது. மெட்ராஸுக்குப் போகும்போதெல்லாம் மூர் மார்க்கெட்டில் பழைய அமெரிக்கப் பத்திரிகைகளைப் புரட்டுவேன். தணிகாசலத்தின் சேதி எப்போதாவது ஒரு மூலையில் இருக்கும். கதாநாயகனுக்குச் சித்தப்பாவாக நடித்தார், நீதிபதியாக நடித்தார், முதல் காட்சியிலேயே சுடப்பட்டுச் செத்தார். நாற்காலி போட்டு உட்காருகிற வேஷங்கள். ஆனால் நிறுத்தவே இல்லை. பிறகு அங்கே டெலிவிஷன் என்று ஒன்று வந்ததும் வாராவாரம் அதில் வர ஆரம்பித்தார் என்று படித்தேன்.

அந்தச் சமயம்தான், எங்கள் ஊர் ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கா என்று ஊரெங்கும் கொடி பிடித்துக்கொண்டிருந்த நாளில், ஒரு வேலையாகத் திருத்தணியில் இறங்கினேன். கொட்டகையைப் பிரித்துவிட்டிருந்தார்கள். எஞ்சின் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் கறுப்பாக இருந்தது. நாயுடு காலமாகிவிட்டார். திரை கட்டிய மூங்கிலை யாரோ மாட்டுக்கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது அந்தத் திடலும் இல்லை, வீடுகளாகிவிட்டது. என் வேலையின் பெயரைச் சொன்னால் பேரன்கள் விளையாட்டு என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவில் எத்தனையோ பேர் அவரைப் பார்த்திருப்பார்கள். ஆனால் அவர் குதிரையேறும்போது மூச்சைப் பிடித்துக்கொண்ட அந்த மண் தரைக் கூட்டத்தில் இன்றைக்கு நான் ஒருவன்தான் மிச்சம் என்று நினைக்கிறேன்.

அன்று சந்தை வாசலில் நாகம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். தலை முழுக்க நரைத்திருந்தது. சுப்பராயுடு இரண்டு மழைக்கு முன்னால் போய்விட்டான். கொட்டகை பிரிக்கிற நாள் வரை கேட்டில் நின்றான் என்று சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, சொந்தக்காரர் ஒருவரைப் பற்றி விசாரிப்பதுபோலக் கேட்டாள்:

"அவரு எப்பிடி கீறாரு? சேதி எதுனா தெரியுமா?"

எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ரேடியோ மாதிரி ஒரு பெட்டி, அதில் ஆள் தெரியும், அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு வைத்திருக்கிறார்கள், இப்போது அவர் அதில்தான் வருகிறார் என்றேன்.

"வூட்டுக்குள்ளயே வந்துடறாரா?"

"ஆமா. வூட்டுக்குள்ளயே."

அவள் முகம் தெளிந்தது.

"அப்ப நல்லதாப் போச்சு" என்றாள். "ரொம்பத் தூரம் நடக்க வேணாம்."